எஞ்சினும் நெருப்புத்தான்



வாகனத்துக்குள் ஏசி போட்டுத் தூங்கியவர் காலையில் ஜனாஸாவாகக் கிடந்தார் என்று எங்கிருந்தாவது ஒரு செய்தி வந்தால், நமது வட்ஸ்அப் குழுக்களில் இரண்டு பதில்கள்தான் வரும். ஒன்று, "ஏசி காஸ் லீக் ஆகியிருக்கும்." மற்றது, "ஹயாத்து அவ்வளவுதான்." இன்னாலில்லாஹி எழுதிவிட்டு எல்லோரும் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். முதலாவது பதில் பிழை. இரண்டாவது, மரணத்தைப் பற்றிய நமது நம்பிக்கையாகச் சரி. காரணத்தைத் தேடாமல் விடுவதற்கு அதைச் சாட்டாக வைத்தால் அதுவும் பிழை. இந்தப் பதிவு இந்த இரண்டையும் பற்றியது. கொஞ்சம் நீளம்தான். இரவில் ஹயர் ஓடும் உங்கள் காக்காமார், மச்சான்மார் யாராவது இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் ஏசி. ஒரு சாதாரண காரின் ஏசியில் சுற்றும் குளிரூட்டி வாயு அரைக் கிலோ அளவில்தான் இருக்கும். அது கசிந்தால் ஏசி குளிராது. பாஸிடம் கொண்டுபோய் காஸ் அடிக்கச் சொல்வோம், காசு போகும், அவ்வளவுதான். அதனால் ஓர் ஆள் தூக்கத்திலேயே மௌத்தாவது மிக மிக அரிது. (வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஏசி போட்டால் பென்சீன் வந்து புற்றுநோய் உண்டாகும் என்று ஒரு மெசேஜ் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. அதை அனுப்புகிறவர்கள் களைப்பதாகவும் தெரியவில்லை.) கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த ஏசியை ஓட்டுவது எது? எஞ்சின். எஞ்சினுக்குள் நடப்பது என்ன? பெற்றோல் எரிகிறது. எரிகிற இடத்தில் புகை இருக்கும். அந்தப் புகைக்குள் காபனோரொட்சைட்டு இருக்கும்.

இந்தப் பெயர் ஓ.எல். விஞ்ஞானம் படித்த எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். போதிய ஒட்சிசன் இல்லாமல் எரிபொருள் எரியும்போது உண்டாகும் வாயு. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. இதை எழுதிப் புள்ளி எடுத்துவிட்டு, பரீட்சை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்த விடயங்களில் இதுவும் ஒன்று. குருதியில் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபினுடன் இந்த வாயு ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்கிறது. பஸ்ஸில் எல்லா ஆசனங்களையும் வேறு யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி. சுவாசம் வழக்கம்போல நடக்கும், நெஞ்சு ஏறி இறங்கும், மூச்சு முட்டுகிற உணர்வு வராது. மூளைக்கும் இருதயத்துக்கும் ஒட்சிசன் போய்ச் சேராது. விழித்திருக்கிறவருக்குத் தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் வரும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. தூக்கம் மயக்கமாகும், மயக்கம் மௌத்தாகும். புகை மணந்தால் எழும்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. மணப்பது புகையில் உள்ள மற்றப் பொருட்கள். கொல்வதற்கு மணமே கிடையாது.

இன்னொரு நினைப்பு, அது பாரமான வாயு, கீழேதான் தங்கும், அல்லது இலேசானது, மேலே போய்விடும் என்பது. அதன் மூலக்கூற்றுத் திணிவு 28. காற்றின் சராசரி 29க்குக் கிட்ட. ஆகவே அது காற்றோடு காற்றாகக் கலந்து அறை முழுக்கப் பரவும். சூடான புகையோடு வருவதால் படிக்கட்டு வழியாக மேல்மாடிக்கும் போகும். கட்டிலில் படுத்தாலும் பாயில் படுத்தாலும் ஒன்றுதான்.

நமக்குப் பக்கத்தில் நடந்த ஒன்றைப் பாருங்கள். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், வீதியோரம் நிறுத்தப்பட்டிருந்த ஒரு கேரவன் வாகனத்துக்குள் இரண்டு ஊழியர்கள் இறந்து கிடந்தார்கள். அங்கேயும் முதலில் பேசப்பட்டது ஏசியைப் பற்றித்தான். பிறகு கோழிக்கோட்டில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் நிபுணர்கள் அதே வாகனத்தில் சோதனை செய்து பார்த்தார்கள். ஏசிக்கு மின்சாரம் கொடுத்த ஜெனரேட்டரின் புகை வாகனத்தின் அடித்தளத்தில் இருந்த துவாரம் வழியாக உள்ளே ஏறியிருந்தது. வாகனம் நின்றது மூடிய கராஜில் அல்ல, திறந்த வீதியில். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீயில் பனியில் சிக்கிய வாகனங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மௌத்தானபோதும், பனி சைலன்ஸர் வாயை மூடிப் புகை உள்ளே வந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. நமக்குப் பனி இல்லை. ஆனால் மதில் இருக்கிறது, மணல் மேடு இருக்கிறது, துருப்பிடித்து ஓட்டை விழுந்த சைலன்ஸரும் தாராளமாக இருக்கிறது.

மூடிய இடம் என்றால் நிலைமை எவ்வளவு வேகமாக மாறும்? வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 2.5 மீற்றர் உயரமான ஒரு கார் போர்ச், ஷட்டர் மூடியிருக்கிறது. கன அளவு 37,500 லீற்றர். காற்றின் பத்து இலட்சம் பங்கில் 1,200 பங்கு காபனோரொட்சைட்டு இருந்தால் அது உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் எல்லை வகுத்திருக்கிறது. நமது போர்ச்சில் அந்த அளவு 45 லீற்றர். தண்ணீர் டிஸ்பென்சரில் கவிழ்க்கும் பெரிய போத்தலில் இரண்டரைக்கும் குறைவு. கட்டலிட்டிக் கொன்வேர்ட்டர் பழுதான ஒரு லீற்றர் எஞ்சின், சும்மா நின்று ஓடும்போது நிமிடத்துக்கு 120 லீற்றர் புகை விடுகிறது, அதில் 3 சதவீதம் காபனோரொட்சைட்டு என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 3.6 லீற்றர். 45ஐ 3.6ஆல் வகுத்துப் பாருங்கள்.

பன்னிரண்டரை நிமிடம்.

காற்று கொஞ்சமும் மாறாது என்று எடுத்துக்கொண்ட கணக்கு இது. ஷட்டருக்கு அடியில் இடைவெளி இருந்தால் நேரம் கூடும். கொன்வேர்ட்டர் நன்றாக இருந்து சூடும் ஏறிவிட்டால் வாயு பல மடங்கு குறையும். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்த குளிர்ந்த எஞ்சினில் கொன்வேர்ட்டர் உடனே வேலை செய்யாது, அது சூடேற வேண்டும். மூடிய இடத்தில் எஞ்சின் தன் புகையையே திரும்ப இழுக்கத் தொடங்கினால் எரிதல் இன்னும் மோசமாகும். அடைப்பு என்றோ பழுது என்றோ சொல்லிக் கொன்வேர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் பூட்டி ஓடும் வாகனங்களும் நம் வீதிகளில் உண்டு. வருடாந்தப் புகைப் பரிசோதனையில் பெற்றோல் வாகனங்களுக்கு அளப்பது இந்த வாயுவைத்தான். அந்தப் பரிசோதனையை வருமானப் பத்திரம் எடுக்கத் தேவையான ஒரு துண்டாக மட்டும் பார்க்கிறவர்கள், தங்கள் பிள்ளைகள் எதன் பக்கத்தில் படுக்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். டீசல் வேன்களில் இந்த வாயு குறைவு என்பது உண்மை. குறைவு என்பது இல்லை என்பதாகாது.

இப்போது நமது வீடுகளுக்கு வருவோம். காத்தான்குடி, சாய்ந்தமருது, கல்முனைப் பக்கம் காணியின் விலை எல்லோருக்கும் தெரியும். ஆறு பேர்ச்சஸ், ஏழு பேர்ச்சஸ் வளவில் கட்டப்படும் வீட்டில் வாகனத்துக்குத் தனியே ஒரு கொட்டில் போட இடமில்லை. வீட்டின் முன்பகுதியே கார் போர்ச். அதற்கு மேல் படுக்கையறை. கள்ளர் பயத்துக்கு முன்னால் ரோலர் ஷட்டர். பக்கத்து வீட்டு மதில் ஒட்டி நிற்பதால் பக்கவாட்டில் ஜன்னல் இல்லை. போர்ச்சிலிருந்து மண்டபத்துக்கு ஒரு கதவு, அது பெரும்பாலும் திறந்தே கிடக்கும். முன்பெல்லாம் கம்பிக் கிறில் போட்டு வந்த இடம் அது. கிறிலுக்குக் காற்றுப் போகும். ஷட்டர் வந்த பிறகு அந்தப் போர்ச் ஒரு பெட்டியாகிவிட்டது. வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் தெரிவுக்கு மூன்று தரம் கொழும்புக்குப் போகிறார்கள். போர்ச்சின் காற்று எங்கே போகும் என்று மேசன் பாஸிடம் ஒரு தரமாவது கேட்கலாம். ஷட்டருக்கு மேலே ஓரடி உயரத்துக்குக் கம்பி வலை, பின்சுவரில் காற்றுத் துவாரம், மண்டபத்துக்குப் போகும் கதவு தானாக மூடிக்கொள்கிற மாதிரி ஒரு ஸ்பிரிங். இவை பெரிய செலவே இல்லை.

அதைவிட முக்கியம், போர்ச்சுக்குள் வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சினை ஓட விடக்கூடாது. ஷட்டரை முழுக்கத் திறந்திருந்தாலும் கூடாது, வெளிக்காற்று உள்நோக்கி அடித்தால் புகை வீட்டுக்குள்தான் போகும். சூடாக்குவதென்றால் வெளியே எடுத்து வீதியில் சூடாக்குங்கள். மழையென்றால் குடையைப் பிடித்துக்கொண்டு சூடாக்குங்கள்.

2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன நாட்கள் மறந்திருக்காது. காய்ச்சல்கார மூத்தம்மாவையும் அழுகிற பிள்ளையையும் காருக்குள் இருத்தி ஏசி போட்டுக் கொடுத்தால் என்ன என்ற யோசனை அந்தப் புழுக்கத்தில் எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் வரும். அந்த நாட்களில் பெற்றோலும் கிடைக்காமல் போனது ஒரு வகையில் பலரைக் காப்பாற்றியிருக்கும் என்று நாம் நினைப்பதுண்டு. இப்போது பெற்றோல் இருக்கிறது. வெப்பமும் இருக்கிறது. மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் உத்தரவாதம் இல்லை.

ஹைபிரிட் வாகனம் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். நமதூர்களில் அக்குவாவும் பிரியஸும் வெசலும் நிறைந்துவிட்டன. சாவி போட்டுத் திருகுவதில்லை, பொத்தான் அழுத்துவதுதான். நிறுத்திய வண்டியில் எஞ்சின் சத்தம் கேட்காது, ஆகவே வண்டி அணைந்துவிட்டது என்று நினைத்து இறங்கிவிடலாம். உண்மையில் அது அணையவில்லை, பெற்றரியில் நிற்கிறது. பெற்றரி இறங்கியதும் எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகும். ஏசி போட்டுத் தூங்குகிறவருக்கும் இதே கதை: அவர் கண்ணயரும்போது எஞ்சின் ஓடவில்லை, அரை மணித்தியாலத்தில் அது தானே விழித்துக்கொள்ளும். அமெரிக்காவில் பொத்தான் வாகனங்களை அணைக்காமல் கராஜில் விட்டுவிட்டு வீட்டுக்குள் தூங்கப் போய் மௌத்தானவர்கள், 2006 முதல் 28 பேர் என்று நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை 2018இல் எழுதியது. பலர் வயோதிபர்கள். அதன் பிறகுதான் டொயோட்டா அங்கே விற்கும் 2020 மாடல்களிலிருந்து தானாக அணையும் வசதியை வைப்பதாக அறிவித்தது. நம்மிடம் இருப்பவற்றில் கணிசமானவை அதற்கு முந்திய ஜப்பான் வண்டிகள். இறங்கும்போது மீற்றர் பலகையில் விளக்கு அணைந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். காதை நம்ப வேண்டாம்.

"அல்லாஹ் நாடியது நடக்கும்" என்று சொல்லி இந்தப் பேச்சை முடித்துவிடுகிறவர்களிடம் ஒரு விடயம். ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன ஹதீஸ் நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதைவிட இந்த விடயத்துக்கு நெருக்கமான ஒன்று ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது, அதை ஏனோ நாம் அதிகம் பேசுவதில்லை. மதீனாவில் ஒரு வீடு இரவில் வீட்டாரோடு தீப்பற்றிக்கொண்டது. அந்தச் செய்தி எட்டியபோது நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், அது கத்ர் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. நெருப்பு உங்களுக்குப் பகை, தூங்கப் போகும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் கட்டளையிட்டார்கள். அந்தக் காலத்து நெருப்பு விளக்கிலும் அடுப்பிலும் இருந்தது. இந்தக் காலத்து நெருப்பு பொனட்டுக்கு அடியில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டாலும் அது நெருப்புத்தான். எஞ்சினை ஓட விட்டுத் தூங்குவது அந்தக் கட்டளைக்குள் வருமா வராதா என்று நமது மௌலவிமார் ஒரு ஜும்ஆவில் பேசினால், நாம் வகுப்பில் பத்து வருடம் கற்பித்துச் சாதிக்காததை அவர்கள் இருபது நிமிடத்தில் சாதித்துவிடுவார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது? சில இடங்களில் அது பின்பக்கத்து ஒடுங்கிய அறையில், பெண்கள் தொழும் பகுதியின் ஜன்னலோடு ஒட்டி இருக்கிறது. நோன்பு காலத்தில் தராவீஹ் நேரம் மின்சாரம் போனால் ஆண்கள் பக்கம் நான்கு பக்கமும் காற்று. பெண்கள் பக்கம் திரைச்சீலை, மூடிய ஜன்னல், ஒரு பக்கம் புகை. கைக்குழந்தைகளும் அங்கேதான். சிறிய பெற்றோல் ஜெனரேட்டர் ஒன்று நூற்றுக்கணக்கான கார்களுக்குச் சமமான காபனோரொட்சைட்டை வெளியிடக்கூடும் என்றும், கட்டடத்திலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை எதிர்ப்பக்கம் போகிறவாறு வைக்க வேண்டும் என்றும் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு சொல்கிறது. கடைக்காரர்களும் இதைக் கேளுங்கள். கடைக்குள் ஜெனரேட்டரை வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது.

அடுத்தது வேன் சாரதிமார். உம்றாவுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு இரவிரவாகக் கட்டுநாயக்கவுக்கு ஓடி, இறக்கிவிட்டு, அங்கேயே ஒரு மூலையில் ஏசியைப் போட்டுக் கண்ணயர்ந்து, திரும்பவும் எட்டு மணித்தியாலம் ஓடுகிற மனிதர்கள். கல்யாண ஹயருக்குப் போனாலும் இதே நிலைதான்: மாப்பிள்ளை வீட்டார் உள்ளே, சாரதி வேனுக்குள். அவர் ஏன் எஞ்சினை ஓட விட்டுத் தூங்குகிறார்? நுளம்பும் புழுக்கமும். நாம் ஹயர் பேசும்போது கிலோமீற்றருக்கு எவ்வளவு என்று மட்டும் பேசுகிறோம், அவர் எங்கே படுப்பார் என்று பேசுவதில்லை. பிரயாண வீட்டில் ஒரு பாயும் ஒரு மின்விசிறியும் கொடுப்பது பெரிய காரியமில்லை. வேனுக்குள்தான் படுக்க வேண்டும் என்றால் எஞ்சினை அணைத்து, இரண்டு பக்கமும் கண்ணாடியை இறக்கி, நுளம்பு வலைத் துணி ஒன்றைக் கட்டிக்கொள்ளட்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு எஞ்சினை ஓட விடுவது பலர் செய்யும் சமாளிப்பு. புகை வெளியிலிருந்து வருகிறது என்றால் இறக்கிய கண்ணாடி அதற்கு வாசல்.

இனி, கொஞ்சம் கசப்பான விடயம். யாராவது இப்படி மௌத்தானால் நாம் செய்யும் முதல் காரியம், எப்படியாவது பிரேத பரிசோதனை இல்லாமல் ஜனாஸாவை எடுக்க முடியுமா என்று ஆள் பிடிப்பது. ஜனாஸாவை விரைவாக அடக்க வேண்டும் என்ற மனநிலை விளங்குகிறது, அது மார்க்கம் சொன்னதுதான். ஆனால் "நெஞ்சுவலி என்று எழுதிக்கொள்ளுங்கள் சேர்" என்று திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் நாமே சொல்லிக்கொடுத்தால், காரணம் கபுறோடு போய்விடுகிறது. அதே வாகனத்தில், அதே போர்ச்சுக்கு மேல் உள்ள அறையில் அடுத்த வாரம் அந்த வீட்டுப் பிள்ளைகள் படுக்கிறார்கள். காபனோரொட்சைட்டு குருதியில் இருந்ததா என்பதைக் குருதிப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். சட்ட வைத்திய அதிகாரிக்கு அந்தச் சந்தேகம் வர வேண்டுமென்றால், வண்டி ஓடிக்கொண்டிருந்தது என்று யாராவது வாய் திறந்து சொல்ல வேண்டும். மௌத்தானவருக்கு அதில் பலன் இல்லாமல் இருக்கலாம். அவருடைய மனைவி மக்களுக்கு இருக்கிறது.

கடைசியாக, உயிரோடு இருப்பவரைக் காப்பாற்றுவது பற்றி. ஒரே வீட்டில், அல்லது ஒரே வாகனத்தில், இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடியும் குமட்டலும் சோர்வும் வந்து, வெளியே போனதும் குறைகிறதா? சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவெடுக்க முன்னர், எங்காவது எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடுகிறதா என்று பாருங்கள். மயங்கிக் கிடப்பவரைக் கண்டால் கதவுகளையெல்லாம் திறந்து, எஞ்சினை அணைத்து, அவரைத் திறந்த வெளிக்கு இழுத்துக்கொண்டு வாருங்கள். நீங்கள் உள்ளேயே நின்று அவரை எழுப்பிக்கொண்டிருக்கக் கூடாது. காப்பாற்றப் போனவரும் விழுந்துவிடுவார். மூச்சு இல்லையென்றால் தெரிந்தவர்கள் இருதய அழுத்தம் கொடுங்கள், உடனே 1990 சுவசெரியவுக்கு அழையுங்கள்.

எழும்பி உட்கார்ந்துவிட்டார், தேத்தண்ணி குடித்தார் என்று அத்தோடு விட வேண்டாம். சாதாரண காற்றைச் சுவாசித்தால் குருதியில் உள்ள அந்த வாயுவில் பாதி வெளியேறவே நான்கைந்து மணித்தியாலம் எடுக்கும். ஆஸ்பத்திரியில் முகமூடி வழியாகத் தூய ஒட்சிசன் கொடுத்தால் அது ஒன்று, ஒன்றரை மணித்தியாலமாகக் குறையும். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த, விரலில் மாட்டும் கருவியை மாட்டிப் பார்த்து 98 காட்டுகிறது என்று ஆறுதல்படவும் வேண்டாம். ஈமோகுளோபினில் ஒட்டியிருப்பது ஒட்சிசனா காபனோரொட்சைட்டா என்று அந்தக் கருவிக்குப் பிரித்தறியத் தெரியாது. இரண்டுக்கும் சேர்த்து 98 என்று காட்டும். ஆகவே வெளிநோயாளர் பிரிவில் "தலைசுத்து டொக்டர்" என்று மட்டும் சொல்லாமல், "வண்டி ஓடிக்கிட்டிருந்திச்சு, மூடின இடத்தில இருந்தாரு" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.